கணிப்புகளில் 'மற்றவர்கள்' ஆகிப்போன யாழ்ப்பாணம்

கேள்வி கேட்ட தம்பி சுன்னாகத்துக்காரர், இப்போது கொழும்பில் படிக்கிறார். அவர் கேட்டது இதுதான்: 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் வந்த கருத்துக்கணிப்புகளுக்கும் யாழ்ப்பாணத்தில் விழுந்த வாக்குகளுக்கும் சம்பந்தமே இல்லை, அதற்குப் பிறகு வந்த பாராளுமன்றத் தேர்தல் முடிவைத் தெற்கு ஊடகங்கள் ஒரு விதமாகவும் எங்கள் பத்திரிகைகள் இன்னொரு விதமாகவும் சொன்னன, எல்லாரும் காசுக்கும் கட்சிக்கும் எழுதுகிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள், அப்படியென்றால் இவற்றில் எதையாவது நம்பலாமா, நம்புவதென்றால் எப்படி?

எல்லாம் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் கடைசியில் கையில் மிஞ்சுவது வட்ஸ்அப்பில் வருகிற குரல்பதிவுதான், அதைச் சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்று கேட்கக்கூட ஆளிருக்காது. நான் நீண்ட காலம் பத்திரிகை மேசையில் இருந்தவன், தேர்தல் கண்காணிப்பிலும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பக்கச்சார்பு இருக்கிறது, ஆனால் நாங்கள் தேடுகிற இடத்தில் அது குறைவு. யாரோ உட்கார்ந்து எண்களை மாற்றுகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால் எங்களை எண்ணவே இல்லை, அல்லது எண்ணியும் தலைப்பில் இடம் தரவில்லை.

கணிப்பிலிருந்து தொடங்குவோம். 2024 செப்டெம்பர் 21 இல் நாடு முழுக்க அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76, ரணில் விக்கிரமசிங்க 17.27. யாரும் பாதியைத் தாண்டாததால் இந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது. சரி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள். சஜித் 32.6 வீதம், தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் 31.39, ரணில் 22.75, நாட்டில் முதலாவதாக வந்த அநுர இங்கே 7.29 வீதத்தோடு நாலாவது. அரியநேத்திரன் நாடு முழுக்க எடுத்தது 2,26,343 வாக்கு, அதாவது 1.7 வீதம். அதில் 1,16,688 யாழ்ப்பாணத்தில் மட்டும் விழுந்தது. இப்போது ஒரு தேசியக் கணிப்பின் வரைபடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். பெரிய வேட்பாளர்களுக்கு ஒவ்வொரு நிறத்தில் தூண், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தூண், அதற்குக் கீழே 'மற்றவர்கள்'. யாழ்ப்பாணத்தில் வாக்குப் போட்ட மூன்றில் ஒரு பங்குச் சனம் அந்தச் சாம்பல் தூணுக்குள்ளேதான் இருந்தது. அந்தக் கணிப்பு பொய் சொல்லவில்லை. நாட்டளவில் அவர் உண்மையிலேயே 1.7 வீதம்தான். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வசனமும் எழுத முடியாது, எழுதினார்கள் என்பதுதான் பிழை.

இது ஏன் இப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். வழமையான தேசியக் கணிப்பு ஒன்றில் ஆயிரம் பேரளவில் கேட்பார்கள். ஆயிரம் பேரை ஒழுங்காகத் தெரிவு செய்திருந்தால் முடிவு கூடக்குறைய 3 வீதத்துக்குள் நிற்கும், அது நல்ல கணக்குத்தான். 2024 இல் நாட்டின் பதிவு செய்த வாக்காளர் ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியையும் சேர்த்து, ஏறத்தாழ 5 இலட்சத்து 93 ஆயிரம். அப்படியென்றால் ஆயிரம் பேரில் எங்கள் பங்கு 35 பேர். வன்னியையும் சேர்த்து வடக்கு முழுவதற்கும் 52 பேர். முப்பத்தைந்து பேரை வைத்து ஒரு வேட்பாளருக்கு 31 வீதம் என்று வந்தால், உண்மையான எண் 15 இலும் இருக்கலாம், 47 இலும் இருக்கலாம். அதாவது அவர் முதலாவதாகவும் வரலாம், நாலாவதாகவும் வரலாம். அந்த 35 பேரில் இரண்டு வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்காமல் விட்டாலே யாழ்ப்பாணத்தின் 'மனநிலை' மாறிவிடும். அதனால் "வடக்கு வாக்காளர் மத்தியில் இன்னாருக்கு ஆதரவு கூடியிருக்கிறது" என்று தேசியக் கணிப்பை மேற்கோள் காட்டி எவராவது எழுதினால், வடக்கில் எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில் இல்லையென்றால் மேலே வாசிக்க வேண்டாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே அரிசியாக இருந்தால் மட்டும்தான். இந்த நாட்டின் அரசியல் அப்படி இல்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச நாட்டில் 52.25 வீதம் எடுத்து வென்றார், யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது 6.24. அதே தேர்தலில் இங்கே சஜித்துக்கு 83 வீதத்துக்கு மேல். எந்த நாட்டில் ஒரு மாவட்டத்தின் முடிவு தேசிய முடிவுக்கு இவ்வளவு தலைகீழாக வருகிறதோ, அங்கே தேசிய மாதிரியைக் கொண்டு மாவட்டத்தைப் பேச முடியாது.

இதைச் சமாளிக்க ஒரு முறை இருக்கிறது. கொழும்பில் உள்ள சுகாதாரக் கொள்கை நிறுவகம் தொலைபேசி வழியாகத் தொடர்ந்து நேர்காணல் எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள வயது, பால், இனம், படிப்பு எல்லாவற்றுக்கும் ஏற்ப எண்களைச் சரிக்கட்டி மதிப்பீடு வெளியிடுகிறது. ஓரிடத்தில் ஆள் போதாவிட்டால், அவர்களைப் போன்றவர்கள் வேறெங்கே இருக்கிறார்களோ அவர்களுடைய பதிலையும் துணைக்கு எடுத்து அந்த இடத்தை நிரப்புவது இதன் அடிப்படை. நாடு முழுவதற்கும் இது நல்ல முறை. 2024 தேர்தலில் முதல் மூன்று பேருடைய ஒழுங்கை அது பிழையாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும்போதுதான் சிக்கல்: பருத்தித்துறையில் இருக்கிற நாற்பது வயது ஆசிரியையைப் போன்ற வாக்காளரை மாத்தறையில் எங்கே தேடுவது? மட்டக்களப்பில் தேடலாம், ஆனால் அங்கத்தைய அரசியலும் வேறு.

கணிப்பு நிறுவனங்கள் எல்லாம் ஆளும் தரப்புக்கு வேலை செய்பவை என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் 'தேசத்தின் மனநிலை' கணிப்பில் 2022 ஜூனில் அரசாங்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் 3 வீதம். ஆளும் தரப்பு இருக்கும்போதே வெளியிட்ட எண் அது. அடுத்த மாதம் கோட்டாபய நாட்டை விட்டுப் போனார். அதேபோல மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், போருக்குப் பிந்திய இலங்கையில் ஜனநாயகம் பற்றிய தன் ஆய்வுகளில் சிங்களவர், தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று முடிவுகளைப் பிரித்தே கொடுத்து வந்திருக்கிறது. ஒரே கேள்விக்கு நாலு சமூகமும் நாலு விதமாகப் பதில் சொல்வதை அந்த அட்டவணைகளில் பார்க்கலாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரு சராசரி எடுத்திருந்தால் அந்த வேறுபாடு காணாமல் போயிருக்கும். நேர்மையான கணிப்பு என்று நான் சொல்வது இந்த வகையைத்தான்.

ஆளைத் தெரிவு செய்தது சரி, ஆள் பதில் சொல்லுமா? இது எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை, கொழும்பில் இருந்து கணிப்பு நடத்துகிறவர்களுக்கு இது சரியாக விளங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கோண்டாவிலில் இருக்கிற எங்கள் சின்னம்மாவுக்குத் தேர்தலுக்கு முன் அப்படி ஓர் அழைப்பு வந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். மறுபக்கத்தில் ஒரு பெடியன், தமிழ்தான், ஆனால் இங்கத்தைய தமிழ் இல்லை. "அம்மா, பெயர் சொல்லத் தேவையில்லை, ஒரு பத்து நிமிசம்" என்றான். சின்னம்மா கேட்ட முதல் கேள்வி, "பெயர் தெரியாட்டில் என்ரை நம்பர் எப்பிடித் தம்பி வந்தது?" இலக்கங்களை எழுமாற்றாகத் தெரிவு செய்கிறோம் என்று அவன் விளக்கினான், உண்மையும் அதுதான். யாருக்குப் போடுவீர்கள் என்றதும் "இன்னும் யோசிக்கேல்லை ராசா, நல்ல ஆளுக்குப் போடுவம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த கையோடு என்னிடம் திரும்பி, தான் யாருக்குப் போடப் போகிறார், ஏன் போடப் போகிறார், அவருடைய சகோதரிமார் யாருக்குப் போடுவார்கள் என்று எல்லாம் சொன்னார். கணிப்பில் அவர் 'முடிவெடுக்காதவர்' என்று பதிவாகியிருப்பார். வீட்டுக்கு வந்து விபரம் எடுக்கிறவர்களை முப்பது வருடம் பயத்தோடு பார்த்த சனம் இது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பதிவுப் புத்தகம் நிரப்பிய சனம். தெரியாத குரல் ஒன்று வாக்கைப் பற்றிக் கேட்டால் மழுப்புவதுதான் இங்கே புத்திசாலித்தனமாக இருந்திருக்கிறது. அந்த மழுப்பலை 'ஊசலாடும் வாக்காளர்' என்று கொழும்பில் வாசித்தால் வருகிற முடிவு எப்படியிருக்கும்?

பயம் கணிப்பை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு இந்தியாவையும் ஒருக்கால் பார்க்கலாம், இங்கேயும் பலர் அந்தத் தொலைக்காட்சிகளை நள்ளிரவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே. 2024 ஜூன் முதலாம் திகதி, கடைசிக் கட்ட வாக்களிப்பு முடிந்த கையோடு வந்த வாக்களிப்புக்குப் பிந்திய கணிப்புகளில் பெயர்பெற்ற ஒன்று, ஆக்சிஸ் மை இந்தியாவினுடையது, ஆளும் கூட்டணிக்கு 361 முதல் 401 ஆசனம் என்றது. வந்தது 293. பாஜகவுக்குத் தனியாக 240, பெரும்பான்மைக்கே ஆள் போதவில்லை. இதற்குப் பல காரணம் சொல்லப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: பலமுள்ள கட்சியை ஆதரிக்கிறவன் வாசலில் நின்று சத்தமாகச் சொல்வான், அதற்கு எதிராகப் போட்டவன், அதுவும் ஏழையாக, சிறுபான்மையாக இருந்தால், சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

யூடியூப்காரர் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மைக்கை நீட்டி எடுக்கிற 'மக்கள் கணிப்பு' பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பகல் பதினொரு மணிக்கு அங்கே நிற்கிறவர் யார், கமராவைக் கண்டு விலகிப் போகிறவர் யார் என்று பார்த்தாலே போதும். பெண்கள் குறைவு, தோட்டத்தில் நிற்கிறவர் இல்லை, கடலுக்குப் போய் வந்து படுத்திருக்கிறவர் இல்லை. பத்தில் எட்டுப் பேர் ஒருவருடைய பெயரைச் சொன்னார்கள் என்றால் அந்தக் காணொளியில் எட்டுப் பேர் சொன்னார்கள், அவ்வளவுதான். வெட்டப்பட்ட ஆட்கள் எத்தனை என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும்.

இனி ஊடகம். இங்கே யார் சொந்தக்காரர் என்று பார்க்காமல் பேச முடியாது. தினகரன், டெய்லி நியூஸ், தினமின எல்லாம் வெளியிடுகிற லேக் ஹவுஸ் 1973 இல் சட்டம் கொண்டுவந்து அரசு எடுத்துக்கொண்டது, அன்றிலிருந்து எந்த ஆட்சி வந்தாலும் அது ஆட்சியின் பத்திரிகைதான். தெரண தொலைக்காட்சியை உருவாக்கிய திலித் ஜயவீர 2024 இல் தானே ஜனாதிபதி வேட்பாளர், பிறகு தேசியப் பட்டியலில் பாராளுமன்ற உறுப்பினர். டெய்லி மிரர், லங்காதீப வெளியிடுகிற விஜய நிறுவனத்தின் ரஞ்சித் விஜேவர்தன, ரணிலுடைய தாய்மாமன். இவை ரகசியமில்லை. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் வெரிட்டேயும் சேர்ந்து 2018 இல் ஊடகச் சொந்தக்காரர்களைப் பற்றிய விபரங்களைத் திரட்டிப் பொதுவெளியில் வைத்தார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். 1985 இல் யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகையைத் தொடங்கிய சரவணபவன் 2010 முதல் 2020 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தெற்கைப் பார்த்து ஊடகமும் அரசியலும் ஒரே வீட்டில் இருக்கிறது என்று சொல்கிறபோது எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம்.

ஆனாலும் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. நான் கண்ட அளவில், பத்திரிகை மேசையில் முதலாளி கோல் எடுத்துச் சொல்லி மாற்றுகிற தலைப்பு குறைவு. ஆசிரியபீடத்தில் இருக்கிறவருக்கே எது செய்தி, எது செய்தியில்லை என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது, பக்கச்சார்பு அங்கேதான் தங்குகிறது. மே மாதத்தைப் பாருங்கள். 18 ஆம் திகதி தமிழ்ப் பத்திரிகையின் முதற்பக்கம் முள்ளிவாய்க்கால், 19 ஆம் திகதி சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கம் போர்வீரர் நினைவு நாள். இரண்டும் நடந்த விடயம்தான். சிங்களப் பத்திரிகை மட்டும் வாசிக்கிறவருக்கு முதல் நாள் நடந்தது தெரியாது, தெரிந்தாலும் பாதுகாப்புச் செய்தியாகத் தெரியும். ஒரே நாட்டில் மூன்று மொழியில் மூன்று நாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலை இதற்கு உதாரணமாக எடுத்து, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், தம்பியின் கேள்வியின் மையமும் அதுதான். அநுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் 80,830 வாக்கு எடுத்து முதலாவதாக வந்தது, ஆறு ஆசனத்தில் மூன்று. தமிழரசுக் கட்சி 63,327, ஒரு ஆசனம். தமிழ்க் காங்கிரஸ் 27,986, ஒன்று. சுயேச்சைக் குழு 17, மருத்துவர் அர்ச்சுனாவினுடையது, 27,855, ஒன்று. தெற்கில் வந்த தலைப்புகளின் சாரம்: வடக்கு தமிழ்த் தேசியத்தை நிராகரித்தது, நாடு ஒன்றாகிவிட்டது. இங்கே பலர் எழுதியதன் சாரம்: நாலில் மூன்று பேர் அவர்களுக்குப் போடவில்லை, தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதால் வந்த விபத்து. எந்தப் பக்கமும் எண்ணைப் பொய்யாக எழுதவில்லை. ஒருவர் ஆசனத்தை எடுத்தார், மற்றவர் வீதத்தை எடுத்தார்.

வீதத்தைப் பார்த்தால் 24.85. கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம் எப்படி வந்தது? முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்ச ஐந்தையும் பங்கிடும்போது 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் கணக்கிலேயே இல்லை, ஓர் ஆசனத்துக்கு இவ்வளவு வாக்கு என்று வருகிற முழுப் பங்குக்குப் பிறகு மிஞ்சுகிற வாக்கில் யாருக்குக் கூட இருக்கிறதோ அவருக்கு அடுத்த ஆசனம். தமிழ் வாக்கு எத்தனையோ பட்டியலாகச் சிதறியதால் தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் பெரிதாக நின்றது. ஆகவே 'நிராகரித்தது' என்ற தலைப்பு கணக்கில் நிற்காது. அதே நேரம், 'விபத்து' என்பதும் நிற்காது. எட்டே கிழமைக்கு முன் அதே மாவட்டத்தில் அநுரவுக்கு 27,086 வாக்கு. அது 80,830 ஆனது. விகிதாசார முறை வந்த பிறகு தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சி ஒன்று பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை. ஐம்பத்து மூவாயிரம் பேர் புதிதாக ஒரு பக்கம் போனதை விபத்து என்று ஒதுக்கினால் அந்தச் சனத்தை நாங்களே 'மற்றவர்கள்' ஆக்குகிறோம்.

இன்னொரு எண் இருக்கிறது, அதைத் தலைப்பாக்கியதை நான் காணவில்லை. செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 71 ஆயிரம். நவம்பரில் 3 இலட்சத்து 25 ஆயிரம். நாற்பத்தாறாயிரம் வாக்கு இரண்டு மாதத்தில் காணாமல் போனது. அந்தச் சனம் ஏன் வரவில்லை? தமிழ்க் கட்சிகளில் வெறுப்பா, யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற சலிப்பா, இல்லை, வெளிநாடு போய்விட்டார்களா? இதைப் போய்க் கேட்டு எழுதியிருந்தால் அதுதான் அந்தத் தேர்தலின் பெரிய செய்தி. தெற்குக்கு அது தேவையில்லை, வென்ற கதை கிடைத்துவிட்டது. எங்களுக்கும் தேவைப்படவில்லை, தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாண மாநகர சபையில் முதலாவதாக வந்ததும் இரண்டு பக்கத் தலைப்புகளும் அப்படியே இடம் மாறின.

பொய்ச் செய்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013 செப்டெம்பர் 21, வட மாகாணசபைத் தேர்தல் நாள். அதற்கு முதல் நாள் அதிகாலை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனுடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. வாக்களிப்பு நாள் காலை யாழ்ப்பாணத்தில் ஓர் உதயன் கைக்குக் கை போனது. அதே பெயர், அதே எழுத்து, அதே பக்க அமைப்பு. அனந்தி அரசாங்கப் பக்கம் போய்விட்டார் என்று முதற்பக்கத்தில் செய்தி. அது உதயன் அடித்த பத்திரிகையே இல்லை, யாரோ போலியாக அச்சடித்து விநியோகித்தது. சனம் என்ன செய்தது? போய் வாக்குப் போட்டது. கூட்டமைப்புக்கு 38 இல் 30 ஆசனம், அனந்திக்கு விருப்பு வாக்கில் மாவட்டத்தில் இரண்டாமிடம். ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது வாசகர் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம். அன்று காலை பேப்பரை வாங்கியவர்கள் பக்கத்து வீட்டைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், மற்றப் பத்திரிகையைப் பார்த்தார்கள்.

போலிப் பத்திரிகையை விட எனக்குப் பயம், எழுதப்படாமல் போனவை. 2000 ஒக்டோபர் 10 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நடந்த வாக்கு மோசடிகளையும் மிரட்டல்களையும் பிபிசிக்கும் மற்றவர்களுக்கும் எழுதியவர் மயில்வாகனம் நிமலராஜன். ஒன்பது நாள் கழித்து, 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், அவருடைய வீட்டில் வைத்துக் கொன்றார்கள். 2006 மே 2, உலக ஊடக சுதந்திர தினத்துக்கு முதல் நாள், உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் தேர்தல் செய்தி எழுதிய ஒவ்வொருவரும் எந்த வசனத்தை விடுவது என்று யோசித்துத்தான் எழுதினோம். ஒரு வேட்பாளருடைய பெயருக்கு முன் எந்த அடைமொழி போடுவது என்பதே உயிர்ப் பிரச்சினை. அந்தக் கைப்பழக்கம் துப்பாக்கி போன பிறகும் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் பத்திரிகைகளில் 'ஒரு தரப்பு', 'சில சக்திகள்' என்று பெயர் சொல்லாமல் எழுதுவதைப் பார்க்கிறீர்களே, அது அங்கிருந்து வந்தது. இளம் செய்தியாளர்கள் இதை இனி விடவேண்டும் என்பது என் ஆசை.

பார்க்கிறவரின் கண்ணிலும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 1985 இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று ஊடக ஆராய்ச்சியில் அடிக்கடி பேசப்படுவது. 1982 இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்தித் துண்டுகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றே சொன்னார்கள். இங்கே 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைவர் தெரிவில் சிறீதரன் 184, சுமந்திரன் 137 என்று முடிவு வந்த கிழமை, ஒரே பத்திரிகையின் ஒரே செய்தியைக் காட்டி இரண்டு பக்க ஆட்களும் என்னிடம் அது மற்றப் பக்கத்துக்கு வேலை செய்கிறது என்று சொன்னார்கள். இரண்டு பேரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. எங்களுக்குச் சாதகமான வரி கண்ணில் படாது, பாதகமான வரி மட்டும் குத்தும். அதனால் ஒரு செய்தியைப் பக்கச்சார்பு என்று சொல்ல முன், இதே வசனம் எதிர்த் தரப்பைப் பற்றி வந்திருந்தால் எனக்கு உறுத்தியிருக்குமா என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு ஊடக வழிகாட்டல் வெளியிட அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை அதிகாரம் தருகிறது, தேர்தல் காலத்தில் அரச ஒலி, ஒளிபரப்பு நிலையங்கள் அதை மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரையும் நியமிக்கலாம். காகிதத்தில் பலமானது. 2010 இல் அப்படி நியமிக்கப்பட்டவருடைய சொல்லை அரச ஊடகம் கேட்கவில்லை என்று தேர்தல் ஆணையாளரே அந்த நியமனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். 2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமர் மாற்றப்பட்டதும் ஆட்கள் முதலில் புகுந்த இடங்களில் ஒன்று அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி. அரச ஊடகம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: நம்பு, நம்பாதே என்று மொத்தமாக முடிவெடுக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். கணிப்பென்றால் காசு கொடுத்தவர் யார், எந்தத் திகதிகளில் கேட்டார்கள், எங்கள் பகுதியில் எத்தனை பேர், எந்த மொழியில், கேள்வி என்ன வசனத்தில் இருந்தது. நாட்டின் முக்கிய பிரச்சினை எது என்று கேட்டு விலைவாசி, ஊழல், வேலையில்லாமை என்று பட்டியல் கொடுத்தால், அரசியல் தீர்வையோ காணாமலாக்கப்பட்டோரையோ ஒருவரும் தெரிவு செய்ய முடியாது, பிறகு தமிழருக்கும் பொருளாதாரம்தான் பிரச்சினை என்று செய்தி வரும். செய்தியென்றால் அதே நிகழ்வை இன்னொரு மொழியில் வாசியுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் அது பெரிய பலம், கொழும்பில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இதோடு விடுகிறதும் போதாது. எங்களை எண்ணவில்லை என்று முறைப்பட்டுக்கொண்டே இருப்பதை விட நாங்களே எண்ணத் தொடங்கலாம். ஒரு மாவட்டத்தின் மனதை அறிய அந்த மாவட்டத்தில் 600 பேரை ஒழுங்காகத் தெரிவு செய்தால் கூடக்குறைய 4 வீதத்துக்குள் முடிவு வரும், சனத்தொகை சின்னது என்பதால் கணக்கு ஒன்றும் கெட்டுப் போகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிப்பிக்கிறார்கள், அரசறிவியல் இருக்கிறது, ஊடகக் கற்கைகள் இருக்கிறது. மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவது இங்கத்தைய தமிழ், வேலணைக்கும் வடமராட்சிக்கும் போனால் வாசலில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார்கள். வாக்கைப் பற்றிய கேள்விக்கு வாயால் பதில் வாங்காமல் மடித்த துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடச் சொன்னால் எங்கள் சின்னம்மாவும் பதில் சொல்லுவார். வட மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அடுத்த மாகாணசபைத் தேர்தல் அறிவிக்க முன் இதைச் செய்யத் தொடங்கினால் காலம் போதும். முடிவை வெளியிடும்போது முதற் பக்கத்திலேயே நாலு விடயம் இருக்க வேண்டும்: செலவு செய்தவர் யார், தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும், பதில் சொல்ல மறுத்தவர் எத்தனை பேர், கேட்ட கேள்விகள் கேட்ட வசனத்திலேயே. அதையும் ஏதாவது ஒரு கட்சி பக்கச்சார்பு என்று சொல்லும். சொல்லட்டும், கேள்வித்தாளைக் கையில் கொடுத்து எந்தக் கேள்வி பிழை என்று கேட்கலாம்.